சப்வர்ஷனிலிருந்து கிட்டுக்கு: வரிமுடிவை எங்கே சரிசெய்வது?

நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவிகள் சப்வர்ஷனும் கிட்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது வரிமுடிவுக் குறி தொல்லை தரும்: லினக்ஸில் அது எல்எஃப் (பைட் 10) மட்டும், விண்டோஸில் சிஆரும் எல்எஃப்பும் சேர்ந்த சிஆர்எல்எஃப் (13, 10). சப்வர்ஷனில் வரிமுடிவைக் குறிக்கும் 'இஓஎல்-ஸ்டைல்' பண்பை 'நேட்டிவ்' என்று வைத்த கோப்புகளால் தொல்லையில்லை. களஞ்சியத்துக்குள் அவை எல்எஃப்பாகத்தான் இருக்கும். பண்பு வைக்க மறந்தவைதான் சிக்கல். விண்டோஸில் எழுதியவை வரிக்கொரு சிஆரோடு அப்படியே கிடக்கும், கிட்டுக்கும் அப்படியே வந்து சேரும். லினக்ஸில் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டினால் '/பின்/பாஷ்^எம்: பேட் இன்டர்பிரட்டர்' என்று நின்றுவிடும். அந்த '^எம்' தான் ஒட்டிக்கொண்டு வந்த சிஆர்.

வரிமுடிவைத் தானாக மாற்றும் 'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' என்ற கிட் அமைப்பை அவரவர் கணினியில் வைத்துக்கொள்வது ஒரு வழி. இதை நம்ப வேண்டாம். ஒருவர் மறந்தாலும் போச்சு. தவிர, ஏற்கெனவே சிஆர்எல்எஃப்போடு உள்ளே வந்த கோப்புகளை அது தொடவே தொடாது.

மாற்றும்போதே மொத்த வரலாற்றையும் எல்எஃப்பாகத் திருத்திவிடுவது இன்னொரு வழி. இது உண்மையிலேயே ஆசை காட்டும். கமிட் (பதிந்த மாற்றம்) எண்கள் எப்படியும் புதிதாகத்தான் வரப்போகின்றன, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேமும் சுத்தமாக இருக்கும். ஆனால் கோப்பு வகை பார்க்காமல் 13, 10 என்ற பைட் ஜோடியை 10 ஆக்கினால் படங்கள் கெடும். பிஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட்டுகளிலேயே 13, 10 இருக்கிறது. இப்படி யாராவது மாற்றினால் உடனே தெரியட்டும் என்றே அதை அங்கே வைத்தார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, சரிபார்க்கும் வாய்ப்பு. பழைய டேகை (பெயரிட்டு வைத்த பதிப்பை) சப்வர்ஷன், கிட் இரண்டு பக்கமும் எடுத்து டிஃப் போட்டு ஒப்பிட்டால் வேறுபாடு வரக்கூடாது. வரலாற்றைத் திருத்திவிட்டால் கோப்புக்குக் கோப்பு வேறுபாடு காட்டும். அதில் நிஜமான பிழையை எப்படித் தேடுவது?

அதனால் நான் சொல்வது மூன்றாவது வழி. வரலாற்றைத் தொடாமல் கொண்டுவாருங்கள், டேகுகளை ஒப்பிடுங்கள். அப்புறம் களஞ்சியத்திலேயே இருக்கும் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் 'டெக்ஸ்ட்=ஆட்டோ' (உரைக்கோப்பு எது என்று கிட்டே கண்டறிந்து எல்எஃப்பாக வைக்கட்டும்) எழுதி, இருக்கும் கோப்புகளையும் அப்படி மாற்ற 'கிட் ஆட் --ரீநார்மலைஸ்' கொடுத்து, வேறெதையும் கலக்காமல் ஒரே கமிட்டாகப் போடுங்கள். இந்த விதி களஞ்சியத்தோடே போகும், தனியாள் அமைப்பையும் மீறும். ரீநார்மலைஸ் கிட் 2.16-இல் (2018) வந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு அந்த ஒரு கமிட்டே பிளேமில் முன்னால் வந்து நிற்கும். பிளேம் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கமிட்டுகளைப் பட்டியலிட, 2019-இல் வந்த கிட் 2.23-இலிருந்து 'இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' இருக்கிறது. அதில் அந்தக் கமிட் எண்ணைச் சேர்த்தால் பிளேம் பழைய ஆளையே காட்டும்.

திறந்திருக்கும் கிளைகளை முன்பே இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வரிக்கு வரி மோதல்தான். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு 'இஓஎல்=எல்எஃப்', விண்டோஸின் பேட்ச் (.bat) கோப்புகளுக்கு 'இஓஎல்=சிஆர்எல்எஃப்' என்று தனித்தனியே எழுதிவிடுங்கள்; அவற்றை ஆட்டோவிடம் விட வேண்டாம்.