யூட்யூபின் கன்டென்ட் ஐடி: வீடியோ போடுபவருக்கு எவ்வளவு தேறும்?

கன்டென்ட் ஐடி என்பது, அடுத்தவர் காப்புரிமை உள்ள பாட்டோ படமோ வீடியோவில் இருந்தால் தானாகத் தேடிப் பிடிக்கும் யூட்யூபின் இயந்திரம். அதைச் சட்டம் என்று நினைத்துப் பயப்படுபவர்கள்தான் அதிகம். அது சட்டம் இல்லை. 1998-ன் அமெரிக்க டி.எம்.சி.ஏ. காப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பினால் தளம் வீடியோவை நீக்கினால் போதும். தானே தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஊடக நிறுவனமான வயாகாம் 2007 மார்ச்சில் 100 கோடி டாலர் கேட்டு யூட்யூப் மேல் வழக்குப் போட்டது. அந்த அக்டோபரிலேயே கன்டென்ட் ஐடி வந்தது. காப்புரிமை மீறும் தளங்களை முடக்க ஹாலிவுட் முழுமூச்சாக நின்ற அமெரிக்காவின் சோபா மசோதா, 2012 ஜனவரி 18-ல் அதை எதிர்த்து ஆங்கில விக்கிபீடியா ஒரு நாள் கதவடைத்த சில நாளிலேயே கிடப்புக்குப் போனது. ஆனால் அங்கே தோற்ற அதே துறைக்கு, யூட்யூபுக்குள் சட்டம் தராத வசதி இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வசதியும் எல்லோருக்கும் இல்லை. பாட்டு, படம் என்று பெரிய கேட்டலாக் வைத்திருக்கும் கம்பெனிகளுக்குத்தான் கன்டென்ட் ஐடி. தனி ஆளுக்குப் புகார்ப் படிவம்.

மேட்ச் பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. சில நொடி இசையே போதும், மாட்டிவிடும். சறுக்குவது காப்புரிமை இல்லாத பொதுவுடைமைப் பாடல்களில். தியாகராஜர் 1847-ல் மறைந்தார், கீர்த்தனைக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் ஒரு கம்பெனியின் ஒலிப்பதிவுக்கு உண்டு. மெட்டையும் ஒப்பிடும் இயந்திரத்துக்கு, நீங்களே பாடியதும் அந்தப் பதிவும் ஒன்றாகப் படலாம்.

உங்கள் வீடியோ மேல் க்ளெய்ம் (உரிமை கோரல்) வந்தால் யூட்யூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் காப்புரிமை விவரத்தைத் திறந்து, எந்த நிமிடம், எந்தப் பாட்டு என்று முதலில் பாருங்கள். பின்னணிப் பாட்டுதான் என்றால் அந்தத் துண்டை வெட்டுவதோ ஒலியை அடக்குவதோ சண்டையைவிட மேல். டிஸ்ப்யூட் (ஆட்சேபணை) போடுவதென்றால் க்ளெய்ம் வந்த 5 நாளுக்குள் போடுங்கள். முதல் நாளிலிருந்து விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். தாமதித்தால், டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான்.

பெரிய ஓட்டை இதற்குப் பிறகு. டிஸ்ப்யூட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவர் க்ளெய்ம் போட்டவரேதான். அவருக்கு 30 நாள் அவகாசம். நிராகரித்தால் அப்பீல், அதற்கு 7 நாள். அதையும் ஏற்காமல் அவர் நீக்கக் கோரிக்கை அனுப்பி, அது செல்லுபடியானால் உங்கள் சேனலுக்கு ஸ்ட்ரைக், அதாவது காப்புரிமை மீறல் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனல் போகும். வீடியோவே முடக்கப்பட்டிருந்தால் டிஸ்ப்யூட்டைத் தாண்டி நேரே அப்பீலுக்குப் போகலாம். நாள் மிச்சம், ஆனால் ஸ்ட்ரைக்குக்கும் ஒரு படி பக்கம்.

2021-ன் முதல் பாதியில் 72 கோடிக்கு மேல் க்ளெய்ம்கள் என்கிறது யூட்யூபின் சொந்த அறிக்கை. எதிர்த்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. எதிர்த்தவற்றில் 60 சதவீதம் வீடியோ போட்டவர் பக்கமே தீர்ந்தன. மற்றவர்கள் எல்லாம் தப்பு செய்தவர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் உள்ளே நுழைவது ஸ்ட்ரைக்குக்குப் பிறகு, வீடியோவைத் திரும்பக் கேட்டு நீங்கள் அனுப்பும் எதிர் நோட்டீஸில்தான். க்ளெய்ம் போட்டவர் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். ஆனால் அதில் உங்கள் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கலிபோர்னியா நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகவும் எழுதித்தர வேண்டும். பொதுவுடைமைப் பாட்டை நீங்களே பாடியிருந்தால் அனுப்பலாம். சினிமா க்ளிப் வைத்த விமர்சன வீடியோ என்றால் வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.