ஆர்சிஏ, டின், எக்ஸ்எல்ஆர்: ஆம்ப் பின்பக்கத்தில் எது நிலைத்து நிற்கும்?

போன மாதம் என் ஆம்ப்ளிஃபையரில் இடது பக்கம் பாடவில்லை. சிடி பிளேயர் ஒயரைப் பிடித்து லேசாக மேலே தூக்கினால் பாடும், கையை எடுத்தால் நின்றுவிடும். ஒயரை மாற்றினேன், அப்போதும் அப்படியே. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், ஒயரைச் செருகும் ஆர்சிஏ (RCA) சாக்கெட்டின் கால் சர்க்யூட் போர்டுக்குள் இறங்கும் இடத்தில், அதைப் பற்றவைத்த ஈயத்தை, அதாவது சால்டரைச் சுற்றி முடி கனத்துக்கு ஒரு வட்டக் கீறல். பத்து வருஷமாக ஒயரைச் செருகி உருவியதில் விழுந்தது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த ஆம்ப்பைப் பார்த்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். ஒயர் நுனியில் இருக்கும் பின்னுக்குத் (பிளக்குக்கு) தங்க முலாம் உண்டா என்பது அப்புறம். அந்த சாக்கெட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

ஆர்சிஏ பின்னிலேயே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ரேடியோவையும் ரெக்கார்டு பிளேயரையும் இணைக்க அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த மலிவான, எளிய இணைப்பு இது. ஒருமுறை செருகினால் அப்படியே விட்டுவிடும் இடத்துக்குப் பொருத்தமானது. அதன் வடிவத்தில் ஒரு பிழை இன்றுவரை தொடர்கிறது: நடுப் பின் நீளம், வெளி வளையம் குட்டை. அதனால் சிக்னல் முதலில் தொடுகிறது, எர்த் பிறகுதான் சேர்கிறது. ஆம்ப் ஓடும்போது செருகினால் ஸ்பீக்கர் 'பர்ர்ர்' என்று அலறுவது இதனால்தான். ஸ்பிரிங் வைத்து எர்த் வளையத்தை முன்னால் தள்ளி, இதைச் சரிசெய்த பின்களை நியூட்ரிக் போன்ற பின் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் சாதாரணப் பின்னைவிட விலை அதிகம்.

அடுத்தது பிடிமானம். வெளி வளையத்தின் இதழ்கள் நாளாக ஆக விரிந்து தளரும். மூக்குக் குறடால் மெல்ல நெருக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இந்த எளிமைதான் ஆர்சிஏவின் பலம். எதிர்ப்பக்கம் போய், இரும்புப் பிடியாகப் பிடிக்கும் தடித்த பின்களை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பின் தளராது, உண்மைதான். உருவும்போது அந்த இழுவை எல்லாம் சாக்கெட்டுக்குப் போகிறது. என் ஆம்ப்பில் கீறல் விழுந்ததும் அப்படித்தான்.

தங்க முலாம் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கத்தில் களிம்பு ஏறாது. கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இது பெரிய உதவி. ஆனால் வெள்ளீய முலாம் பூசிய மலிவான சாக்கெட்டில் தங்கப் பின்னைச் செருகினால், இரண்டும் உரசும் இடத்தில் வெள்ளீயத்தின் ஆக்சைடு படிந்து, சில வருஷத்தில் கரகரப்பு தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே உலோகமாக இருந்தால் நல்லது.

டின் (DIN) ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பு வகுத்த வட்டப் பின். பழைய ஐரோப்பிய டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஐந்து பின் ஒயர் நன்றாகத் தெரியும்: பதிவுக்கும் பாடவும், இடத்துக்கும் வலத்துக்கும் எல்லாமே ஒரே ஒயர். வெளி உலோகக் கூடு முதலில் தொடுவதால் எர்த் முன்பே சேர்ந்துவிடுகிறது. வடிவமைப்பில் ஆர்சிஏவை இது தெளிவாக வெல்கிறது என்பேன். பிரிட்டனின் நெய்ம் ஆம்ப் நிறுவனம் பல வருஷம் இதைவிட்டு நகராமல் இருந்ததில் நியாயம் உண்டு. உழைப்பில்தான் தோற்கிறது. பின்கள் மெல்லியவை, பிளாஸ்டிக்கில் பதிந்தவை. ஆம்ப் பின்னால் இருட்டில் கைவிட்டுத் தடவி, திசை தெரியாமல் திருகினால் ஒரு பின் வளைந்துவிடும். சால்டர் வைக்கும்போது சூடு கொஞ்சம் அதிகமானால் பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும். ஒரு பழைய சாக்கெட்டில் ஒயரில்லாத பின்னைச் செருகி வைத்துக்கொண்டு சால்டர் வைத்தால் சாயாது.

எக்ஸ்எல்ஆர் (XLR) மேடை மைக் ஒயர்களில் இருக்கும் மூன்று பின் இணைப்பு. உலோகக் கூடு, 'க்ளிக்' என்று பூட்டும் கொக்கி, ஒயரின் மேல் உறையை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி. இழுவை சால்டருக்குப் போகவே போகாது. எர்த்தான முதல் பின்தான் முதலில் சேர்கிறது. 1000 தடவைக்கு மேல் செருகி உருவலாம் என்று நல்ல தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். உழைப்பில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு மீட்டர் ஒயருக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றுவதற்கு இது தேவையா? எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருந்தும் உள்ளே சர்க்யூட் பேலன்ஸ்டு ஆக (ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் முறையில்) இல்லாத ஆம்ப்களும் உண்டு. அங்கே சத்தம் மாறப்போவதில்லை.

என் தேர்வு ஆர்சிஏதான், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு சாக்கெட்டும் தனித்தனியாக நட் போட்டுப் பின்பக்கத் தகட்டில் முடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆறு சாக்கெட்டை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையில் பதித்து, ஒரே ஸ்க்ரூவில் நிறுத்திய ஆம்ப் என்றால், அதில் ஒயரை முடிந்தவரை தொடாமல் விடுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் ஸ்பிரிங் கிளிப்புக்கு நான் வாதாட மாட்டேன். மெல்லிய ஒயர்தான் நுழையும், பிளாஸ்டிக் நெம்பு சீக்கிரம் ஒடியும், பிசிறு ஒன்று பக்கத்துக் கிளிப்பைத் தொட்டால் ஆம்ப்பே போகலாம். திருகு முனையில் வெறும் ஒயரே போதும். ஆனால் நுனிக்கு ஈயம் வைக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி விலகும், இறுக்கம் தளரும். அடிக்கடி கழற்றுபவர்களுக்கு, திருகு முனையின் நடுத் துளையில் நேரே செருகும் 4 மில்லிமீட்டர் பனானா பின் வசதி. ஆம்ப்பில் அந்தத் துளைகளைச் சிவப்பு, கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் அடைத்து அனுப்புவதற்குக் காரணம், இரண்டு துளைக்கும் உள்ள 19 மில்லிமீட்டர் இடைவெளி ஐரோப்பிய இரண்டு பின் மின் பிளக்கின் அளவேதான்; அதை யாரும் தவறுதலாக இங்கே செருகிவிடக் கூடாது. எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் அதே அளவுத் துளை. பனானா பின் மாட்டிய ஒயர் தரையில் கிடந்தால், குழந்தை அதைக் கரண்டில் செருகிவிட முடியும். அதனால் ஸ்பீக்கரை நகர்த்தும்போது ஒயரை இரண்டு முனையிலும் கழற்றி, சுருட்டி, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுகிறேன்.