முந்திரி, எள்ளு ஆகாத புள்ளையோட இங்க தைரியமா போலாம் (ஆனா பார்சல் வேண்டாம்)

எங்க பையனுக்கு முந்திரி, பிஸ்தா, எள்ளு மூணும் ஆகாது. ஆகாதுன்னா லேசா அரிப்பு எடுக்கறதோட போறதில்ல, ஒதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பிச்சுரும், அந்த நேரத்துல உடனே போடற அட்ரினலின் ஊசி எப்பவும் என் ஹேண்ட்பேக்லயே இருக்கும். அதனால இந்த ஹோட்டலோட காபி எப்படி சாம்பார் எப்படின்னு தெரிஞ்சுக்க வந்தவங்க மத்த ரிவ்யூ பாத்துக்கங்க (காபி நல்லாவே இருக்கு), நான் எழுதறது கிச்சன பத்தி.

கோயம்புத்தூர்ல சைவ ஹோட்டல்னா பயமில்லன்னு எல்லாரும் சொல்வாங்க. எங்களுக்கு அங்கதான் பயமே. பொங்கல், ரவா கிச்சடி, கேசரி எல்லாத்துலயும் முந்திரி கண்ணுக்கு தெரியும், அது பரவால்ல. வெள்ளை குருமால, பன்னீர் பட்டர் மசாலால அரைச்சு ஊத்துன முந்திரி தெரியவே தெரியாது. எள்ளு அதவிட மோசம், இட்லி பொடி, புளியோதரை, எள்ளுருண்டை இதெல்லாம் தெரிஞ்சதுதான், ஆனா இட்லித்தட்டுல தடவுற நல்லெண்ணெய், தோசைக்கல்லுல தேய்க்கிற நல்லெண்ணெய், செக்குல ஆட்டுன எண்ணெயா இருந்தா அதுலயும் எள்ளோட புரதம் இருக்கும், இத எந்த சர்வர்கிட்ட கேட்டாலும் "எள்ளு போடறதில்லீங்க"ன்னுதான் பதில் வரும். அவங்க பொய் சொல்லல, எண்ணெய் அவங்க கணக்குலயே வராது. வேற ஒரு ஹோட்டல்ல பொங்கல்ல இருந்த முந்திரிய பொறுக்கி எடுத்துட்டு அதே தட்ட திருப்பி கொண்டு வந்து வச்சாங்க, நல்லவேளை நான் பாத்துட்டேன்.

இங்க என்ன நடந்துச்சுன்னா, உக்காந்ததும் சர்வர் தம்பிகிட்ட விஷயத்த சொன்னேன், அவரு எனக்கு தெரியாதுங்க்கா கேட்டுட்டு வர்றேன்னு உள்ள போய் மாஸ்டரையே கூட்டிட்டு வந்துட்டாரு. தெரியாதுன்னு சொன்னாரு பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம். மாஸ்டர் பையனையும் பாத்து, என்னையும் பாத்து, "தம்பிக்கு பொங்கல் வேண்டாமுங்க, முந்திரி போடாம தனியா எடுத்து வைக்கவும் முடியாது, முந்திரி வறுத்த நெய்யத்தான் மொத்தமா ஊத்தியிருக்கோம்"னாரு. வடையும் வேண்டாம்னுட்டாரு, ஏன்னா சாயங்காலம் முந்திரி பக்கோடா போடறதும் அதே சட்டிலதானாம். குருமாவும் இல்ல. வேற என்னதான் குடுப்பீங்கன்னு கேட்டா, இட்லி துணி போட்டு ஊத்தறோம், எண்ணெய் தடவறதில்ல, அத தரலாம், தோசை வேணும்னா பெரிய கல்லுல பொடி தோசை போட்டுட்டு இருக்கோம், சின்ன கல்ல கழுவி வேற கரண்டில கடலெண்ணெய் விட்டு சுட்டு தர்றேன்னாரு. வேர்க்கடலை அவனுக்கு ஒத்துக்கும், டாக்டர் டெஸ்ட் பண்ணி சொன்னதுதான், அதனால சரின்னுட்டோம். தேங்கா சட்னி தாளிக்கறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து குடுத்தாங்க. பையன் ரெண்டு தோசை சாப்ட்டுட்டு மூணாவது கேட்டான், வெளில அவன் இப்படி கேட்டு நான் பாத்ததே இல்ல. இதுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா காசும் வாங்கல.

எல்லாத்துக்கும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுற கடைய விட, இது முடியாதுன்னு நேரா சொல்ற கடைதான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேணும், அதுக்காகத்தான் இவ்ளோ நீட்டமா எழுதறேன்.

குறைன்னா, மெனு கார்டுல ஒரு வரி கூட இல்ல. 10 இடத்துலயோ அதுக்கு மேலயோ கிளை வச்சிருக்கறவங்க அலர்ஜி விவரம் காட்டணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம்) ரூல் 2022லேர்ந்து இருக்கு, இது ஒத்தை கடை அதனால கட்டாயம் இல்ல. கட்டாயம் ஆனாலும் அந்த லிஸ்ட்ல வேர்க்கடலை, முந்திரி, பாதாம் வகையறா இருக்கே தவிர எள்ளு கிடையாது. அமெரிக்கால 2023 ஜனவரிலேர்ந்து பாக்கெட்ல எள்ளையும் போட்டே ஆகணும், தெனமும் நல்லெண்ணெய் ஊத்தி சாப்புடற நம்ம ஊர்ல இல்லங்கறது எனக்கு நெஜமாவே கோவம் வர்ற விஷயம். ஓனர் இத படிச்சா, எதுல முந்திரி எதுல எள்ளு எதுல கசகசான்னு ஒரு அட்டை எழுதி பில் கவுண்டர்ல மாட்டுங்க சார், மாஸ்டர் லீவுன்னாலும் மத்தவங்க பாத்து சொல்லலாம்ல.

இன்னொன்னு, ஆப்ல ஆர்டர் போட்டு குறிப்பு எழுதினேன், பார்சல்ல இட்லி மேலயே பொடி தூவி வந்துச்சு. அப்படியே ஓரமா வச்சுட்டேன், பையன் தொடல. கவுண்டர்ல போய் சொன்னப்போ பார்சல் கட்டறது வேற ஆளுங்க, குறிப்ப பாக்கறதில்லன்னு ஒத்துக்கிட்டாங்க. ஸோ நேர்ல மட்டும் போங்க, அதுவும் காலைல கூட்டம் கொறஞ்சப்புறம், 10 மணிக்கு மேல. ஞாயித்துக்கெழமை வேண்டவே வேண்டாம், மாஸ்டருக்கு நிமிந்து பாக்க நேரம் இருக்காது.

5க்கு 4.