செயின்ட் டேவிட்ஸ்: குறைந்த செலவில் சுற்ற நல்ல ஊர்

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் இருக்கும் செயின்ட் டேவிட்ஸ்தான் பிரிட்டனிலேயே மிகச் சிறிய மாநகரம். ஏறக்குறைய 1,800 பேர்தான் வாழ்கிறார்கள், நம்மூர்க் கிராமம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். கதீட்ரல் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் போகும்வரை முழுசாகத் தெரியாது. உள்ளே போக டிக்கெட் இல்லை, விரும்பினால் நன்கொடை போடலாம், தலையைத் தூக்கி மரக்கூரையின் வேலைப்பாட்டைக் கட்டாயம் பாருங்கள். எதிரே இடிந்து நிற்கும் பிஷப் அரண்மனைக்கு டிக்கெட் உண்டு. பணம் மிச்சம் பிடிப்பவர்கள் வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பேன்.

ஆனால் இந்த ஊரின் உண்மையான சரக்கு கடலோர நடைபாதைதான். 186 மைல் நீளமுள்ள பெம்ப்ரோக்‌ஷயர் பாதையில் உங்களுக்கு முடிந்த துண்டை மட்டும் நடக்கலாம், காசே வேண்டாம். ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் நான்ஸ் தேவாலய இடிபாடும் ஊற்றும், அப்புறம் ஒயிட்சாண்ட்ஸ் கடற்கரை, அங்கிருந்து செயின்ட் டேவிட்ஸ் முனைக்குப் போனால் கற்காலப் புதைகுழி ஒன்று, பக்கத்திலேயே 181 மீட்டர் உயரமுள்ள கார்ன் லிடி குன்று, ஏறினால் ராம்சே தீவு தெரியும். காற்று ஆளைத் தள்ளும், கோடையிலும் ஜாக்கெட் வேண்டும்.

படகுச் சவாரியும் கோஸ்டீரிங்கும் (கடலோரப் பாறைகளில் ஏறி, கடலில் குதித்து, நீந்திப் போகும் சாகசம்) பர்ஸைக் காலி செய்யும். ரயிலும் கிடையாது, ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில் இறங்கி பஸ் பிடிக்கணும், அதனால் பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.