சாலையோரத்துக்குப் புளியமரமா, தூங்குமூஞ்சி மரமா?

சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் தூங்குமூஞ்சிதான். மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். மளமளவென்று வளர்ந்து சாலையின் இரு பக்கத்தையும் குடைபோல மூடிவிடும். காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். ஆனால் கிளைக்குப் பலம் போதாது. புயல் காற்றில் முறிந்து மின்கம்பி மேல் விழும்.

புளி நிதானமாகத்தான் வளரும். பொறுத்திருந்தால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். வேர் ஆழமாக இறங்கும், கிளையும் லேசில் ஒடியாது. அப்புறம் வருமானம். நெடுஞ்சாலைப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுவார்கள். தை, மாசியில் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் மரமேறிக் கிளையை உலுக்க, வெள்ளையடித்து எண் எழுதிய அடிமரத்தைச் சுற்றி உதிர்வதைப் பெண்கள் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார்கள். சாலை விரிவாக்கத்தில் இப்படிப்பட்ட மரங்களை வரிசையாக வெட்டியதை நினைத்தால் வயிறு எரிகிறது. நடுத்திட்டில் அரளி வைத்தால் நடந்து போகிறவருக்கு நிழல் கிடைக்குமா?

நெடுஞ்சாலைக்கு என் ஓட்டு புளிக்குத்தான். தூங்குமூஞ்சியை மைதானம், கல்லூரி வளாகம் மாதிரி அகலமான இடங்களில் வைக்கலாம். ஏற்கெனவே சாலையோரம் நிற்பவற்றை வெட்ட வேண்டாம். ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் பட்ட கிளைகளைக் கழித்துவிட்டால் போதும்.