ஜெர்மானியம் காப்பு என்று 18,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்

வயிறு எரிகிறது. டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) குறுவை நெல் போட்டு வந்த பணத்தில் சம்பா நடவுக்கென்று அப்பா எடுத்து வைத்திருந்த 18,500 ரூபாய் போச்சு.

மன்னார்குடி பக்கம் கல்யாண மண்டபத்தில் இலவச மூட்டுவலி முகாம் போட்டவர்கள். ஒரு வாரம் அம்மா காலுக்கு ஒத்தடம் கொடுத்து, "சாப்டீங்களாம்மா" என்று கேட்டுக் கேட்டே மனசைக் கரைத்தார்கள். ஏழாம் நாள் காப்பு வெளியே வந்தது. முழுக்க ஜெர்மானியமாம். அப்பாவுக்குத் தொளதொளவென்று இருந்ததை முகாம்காரப் பையன் ஒருத்தன் இரண்டு விரலால் வளைத்து இறுக்கி, "இப்பப் பாருங்கப்பா" என்றான். பெற்ற பிள்ளை மாதிரி கூப்பிட்டானே என்று அப்பா உருகிவிட்டார். ஜோடி 18,500.

பன்னிரண்டு நாளில் சோப்புத் தண்ணீர் பட்டு வெள்ளி நிறம் உரிந்து, உள்ளே பித்தளை மஞ்சள் தெரிகிறது.

பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள்தான் சொன்னாள்: "அத்தை, ஜெர்மானியம் குறைகடத்தி, மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் பொருள். டையோடு பாடத்தில் வருது." அப்புறம்தான் தேடிப் படித்தேன். அது உலோகப்போலி, அதாவது உலோகம் மாதிரி தெரிந்தாலும் முழு உலோகம் இல்லை; கண்ணாடி மாதிரி நொறுங்குமே தவிர வளையாது. அவன் வளைத்தபோதே குட்டு உடைந்திருக்க வேண்டும்! ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1871இல் இப்படி ஒரு தனிமம் இருக்கும் என்று சொல்ல, 1886இல் ஜெர்மனியில் விங்க்லர் என்ற வேதியியலாளர் ஒரு வெள்ளித் தாதுவில் கண்டுபிடித்தாராம். இன்றைக்கும் பெரும்பாலும் துத்தநாகத் தாதுவோடும் நிலக்கரிச் சாம்பலிலும்தான் கிடைக்கிறது. போவது இருட்டில் பார்க்கும் கேமரா லென்சுக்கும், ஃபைபர் கேபிளுக்கும், செயற்கைக்கோள் சோலார் தகட்டுக்கும். உடம்புக்கு அது வேண்டும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

போன் போட்டால் முதலில் "48 நாள் போடணும்மா", அப்புறம் "மேனேஜர் வெளியூர்", இப்போது ஸ்விட்ச் ஆஃப். மண்டபக்காரர் "வாடகை வாங்கினேன், அவ்வளவுதான்" என்கிறார். துண்டுச்சீட்டில் "காப்பு 2 - 18,500" என்பதைத் தவிர ஒரு பெயர்கூட இல்லை.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஜெர்மானியப் பொடி என்று கொடுத்தால் வாயில் வைக்காதீர்கள், அந்தச் சேர்மங்களைத் தின்று சிறுநீரகம் கெட்டவர்கள், இறந்தவர்களே உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு டப்பா இருந்தது. ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் அடுத்த மண்டபம் பிடித்திருப்பார்கள், பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.