கேபிள் வயரை கம்ப்யூட்டர்ல சொருகினா டிவி வரும்னு சொன்னா வாங்காதீங்க

வேலூர்ல யாராவது கம்ப்யூட்டர்ல டிவி பார்க்க, ரெக்கார்ட் பண்ண டியூனர் ஸ்டிக் வாங்கப் போறீங்கன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க. எனக்கு 2,600 ரூபாய் போச்சு. பணம் போனதுகூட அப்புறம்.

முட்டி வலி வந்ததிலிருந்து அம்மா திருவண்ணாமலைக்குப் போறதில்லை, கார்த்திகை தீபத்தை டிவியிலதான் பாக்குறாங்க. போன வருஷம் அன்னிக்குன்னு பார்த்து தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தா. அம்மா அவகூட, நான் ராணிப்பேட்டையில செகண்ட் ஷிப்ட். சரி, ரெக்கார்ட் பண்ணி வெச்சிடலாம்னு பஜார் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம்.

"கேபிள் வயரை இதுல சொருகுங்க சார், எல்லா சேனலும் வரும், ரெக்கார்டும் ஆகும்"னு 1,850 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கை எடுத்துக் குடுத்தார். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்." நானும் விட்டுட்டேன், என் புத்தி.

வீட்டுல ஸ்கேன் ஓட்டினேன். கோடு நூறு வரைக்கும் போச்சு, சேனல் பூஜ்யம். திரும்பவும் ஓட்டினேன், பூஜ்யம். கடைக்காரர் என்னன்னா, "உங்க கேபிள்காரர் சிக்னல் சரியில்ல"ன்றார். பெட்டியில டிவிபி-டின்னு போட்டிருக்கறதை அப்புறம்தான் பார்த்தேன். அது ஆன்டெனாவுல வர்ற சிக்னலுக்கு. நம்ம கேபிள் டிவிபி-சி. சரியான ஸ்டிக்கே வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. 2017 மார்ச்சோட அனலாக் கேபிளுக்குக் கெடு முடிஞ்சு, எல்லாம் பூட்டின சிக்னல் ஆயிடுச்சு. சாவி செட்டாப் பாக்ஸ்ல இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்லை. இது தெரியாம ஒருத்தர் டிவி சாமான் விற்க முடியாது.

சண்டை போட்டதுக்கு ஸ்டிக்கை 900-க்குத் திரும்ப எடுத்துக்கிட்டு, 1,200-க்கு, பாக்ஸ்ல வர்ற படத்தைக் கம்ப்யூட்டர்ல பதிவு பண்ற ஒரு கேப்சர் டாங்கிளும் 450-க்கு 32 ஜிபி பென் டிரைவும் தலையில கட்டினார். டாங்கிள், செட்டாப் பாக்ஸ் பின்னாடி இருக்கற மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்னுல மாட்டுறது. படம் மங்கல், ஆனா வந்துச்சு. அவரே லேப்டாப்ல செட்டிங் போட்டு, பென் டிரைவ்லயே சேவ் ஆகற மாதிரி வெச்சார். "மூணு மணி நேரம் தாராளமா ஓடும் சார்."

தீபத்தன்னிக்கு பையன் 4:40-க்கு ஆன் பண்ணிட்டு டியூஷன் போயிட்டான். ராத்திரி அம்மா வந்து உக்காந்தாங்க. கூட்டம், மலை, மேளம், வர்ணனை. 5:51-க்குப் படம் நின்னுடுச்சு. அர்த்தநாரீஸ்வரர் வெளிய வர்றது ரெண்டு மூணு நிமிஷம், ஆறு மணிக்கு மலையில தீபம். ரெண்டும் இல்லை.

"இன்னாடா, மல தெரியுது, தீபத்த காணோம்?"

பென் டிரைவ் ஃபேட்32-ன்ற ஃபார்மட்ல இருந்திருக்கு. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. அவர் வெச்ச குவாலிட்டிக்கு அது எழுபது நிமிஷம்தான். என்டிஎஃப்எஸ்-ஸா ஃபார்மட் பண்ணியிருந்தா முடிஞ்சது, ரெண்டு நிமிஷ வேலை.

ஸ்டிக்தான் வேணும்னா சாட்டிலைட் சிக்னலுக்கான டிவிபி-எஸ்2 வாங்கி, டிடி ஃப்ரீ டிஷ் குடையில மாட்டுங்க. அதுல பெரும்பாலான சேனலுக்குப் பூட்டு இல்லை, மாசச் சந்தாவும் இல்லை, டிடி தமிழ் வரும். மத்த சேனல்னா பாக்ஸ் வழியாத்தான். கடையிலயே ஒரு சேனல் போட்டுக் காட்டச் சொல்லுங்க, பில் இல்லாம வாங்காதீங்க.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கண்ணாடி அலமாரியில அதே ஸ்டிக், மேல 'கேபிள் டிவி பார்க்கலாம்'னு ஸ்கெட்ச் பேனாவால எழுதின அட்டை. பெட்டியோட மூலையில நான் கிழிச்ச இடத்துல செலோடேப் ஒட்டியிருந்தது.